முதல் வகுப்புக்கு முன்பே பாடம் கைக்கு வர வேண்டும்

கேள்வி, 12 மே 2025

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். வரும் கல்வியாண்டில் இளங்கலை முதலாண்டில் பார்வை முற்றிலும் இல்லாத மாணவி ஒருவர் சேர்கிறார். எங்கள் துறைக்கு இது முதல் முறை. பரிவோடு நடந்துகொண்டால் போதும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். வளைகோடுகளும் அட்டவணைகளும் நிறைந்த பாடத்தைப் பரிவு மட்டும் எப்படிக் கொண்டுசேர்க்கும் என்று எனக்கு விளங்கவில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில், 13 மே 2025

பாடநூலிலிருந்து தொடங்குங்கள். சாய்தளம், உதவித்தொகை, தேர்வு ஏற்பாடு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

நானும் பொருளியல்தான் கற்பிக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளில் பார்வையற்றவர்கள் பதினொருவரும், சக்கர நாற்காலியில் வந்தவர்கள் மூவரும், காது கேளாதவர் ஒருவரும் என் வகுப்புகளில் படித்திருக்கிறார்கள். அவர்களில் முதலாமவருக்கு நான் செய்த தவறு இன்னும் என்னை விடவில்லை. ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியது. அவர் படிக்கக்கூடிய வடிவில் நுண்ணினப் பொருளியல் நூல் அவர் கைக்கு வந்தது அக்டோபரில். அதுவரை விடுதித் தோழிகள் ஓய்வு கிடைத்த மாலைகளில் வாசித்துக்காட்டுவார்கள். அதைப் பதிவு செய்துவைத்து இரவில் கேட்பார். தோழிகளுக்குத் தேர்வு வந்தால் அவருக்குப் பாடம் நின்றுவிடும். நாங்கள் நான்காம் அலகை நடத்திக்கொண்டிருந்தபோது அவர் இரண்டாம் அலகின் நடுவில் இருந்தார். அந்தப் பருவத்தில் அவர் வாங்கிய 48 மதிப்பெண், அவருக்குக் கிடைத்த பக்கங்களின் கணக்கைத்தான் காட்டியது. நானோ வகுப்பில் மெதுவாகப் பேசினேன், அடிக்கடி நலம் விசாரித்தேன், அதையே பெரிய உதவி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே சேர்க்கை உறுதியானவுடன் மாணவியோடு பேசுங்கள். பள்ளியில் எப்படிப் படித்தார், பிரெய்ல் தெரியுமா, கைப்பேசியில் படிக்கிறாரா, கணினியில் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள், பழகியிருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் பதினைந்து வயதில் பார்வையை இழந்தவரும் ஒரே வழியில் படிப்பதில்லை. அடுத்து, முதல் பருவத்தில் அவருக்கு வரப்போகும் ஒவ்வொரு ஆசிரியரிடமும், தமிழ், ஆங்கிலம் உட்பட, எந்த நூலை எந்த வரிசையில் நடத்துவார்கள் என்ற பட்டியலை இந்த மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். வேலையிலேயே கடினமான பகுதி இதுதான். வகுப்பு தொடங்கிய பிறகு நூலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கண் தெரிந்த மாணவர் அன்று மாலையே கடைக்குப் போய் அந்த நூலை வாங்கிவிடுவார் என்பதால் அந்தப் பழக்கத்தின் விலை நமக்குத் தெரிவதில்லை.

பட்டியல் வந்ததும் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

14 மே 2025

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திருத்துகிறேன். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். திரைவாசிப்பான் அதைத் திறந்தால் வாசிக்க எழுத்து எதுவும் அங்கே இருக்காது. ஸ்கேன் செய்த பின் ஓ.சி.ஆர். மென்பொருள் கொண்டு எழுத்தாக மாற்ற வேண்டும்; மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். பழைய அச்சு நூல்களில் துணைக்காலையும் ரகரத்தையும் மென்பொருள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பக்க வரியின் பாதியும் வலப்பக்க வரியின் பாதியும் ஒட்டிக்கொண்டு வரும். முந்நூறு பக்க நூலைச் செம்மை செய்ய எங்கள் மாணவர்கள் ஆறு பேருக்கு மூன்று வாரங்கள் ஆயின. மே மாதம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

16 மே 2025

பதிப்பாளரின் நூலை இப்படி மாற்றுவது முறையா என்று இதைப் படித்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார். முறைதான். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் பொருட்டு நூல்களை அவர்களுக்கு உகந்த வடிவுக்கு மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கான மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது; அதற்கு முதலில் ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் மாணவியை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஆங்கில நூல்கள் அங்கே ஓரளவு கிடைக்கும். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்ட தமிழ் நூல்களை அங்கே நம்பியிருக்க வேண்டாம். அவற்றை நாமே செய்துகொள்வதுதான் வழி.

பெரும்பாலும் யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களிடம் ஏற்கெனவே தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்புகள் இருக்கும். அவற்றை அப்படியே அனுப்பினால் போதும் என்று தோன்றும். அவற்றில் பாதிக்கு மேல் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் அடித்து, எழுத்தெழுத்தாக நகர்த்தித் திரைவாசிப்பானில் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ’ என்று ஒலிக்கும். என் மாணவர் ஒருவர் இத்தகைய கோப்பை ஒரு மாலை முழுவதும் கேட்டுவிட்டு, தன் கணினிதான் பழுதாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கோப்பை அனுப்பியவள் நான். எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் துறைச் சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் பழைய எழுத்துருவிலேயே வருகின்றன.

எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் பி.டி.எஃப். ஆக அனுப்பாமல் வேர்டு கோப்பாகவே அனுப்புங்கள், பி.டி.எஃப். கோப்பில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, ‘கொள்கை’ போன்ற சொற்கள் சிதைந்து ஒலிப்பதுண்டு. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் போதும். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் உருவாக்கிய அது இலவசம், தமிழும் வாசிக்கும். மாணவிக்கு அனுப்பும் முன் உங்கள் கணினியிலேயே அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, உங்கள் குறிப்பில் ஒரு பக்கத்தைக் கேட்டுப்பாருங்கள். எங்கள் துறையில் ஒவ்வொரு ஆசிரியரையும் இதைச் செய்ய வைத்தேன். என் பத்து நிமிடப் பேச்சில் நகராதவர்கள், தங்கள் குறிப்பையே இரண்டு நிமிடம் கேட்டதும் எழுத்துருவை மாற்றினார்கள்.

25 மே 2025

வளைகோடுகளைப் பற்றி இதுவரை நான் பதில் சொல்லவில்லை.

தையற்காரர்கள் துணியில் குறியிடப் பயன்படுத்தும் பல்சக்கரம் ஒன்று வாங்குங்கள். மேசை மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் தடித்த தாள், தாளின் மேல் பல்சக்கரத்தை அழுத்தி ஓட்டினால் மறுபக்கத்தில் புள்ளிக்கோடு எழும்பி நிற்கும். விரலால் தடவிப் படிக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, கோடு தாளின் மறுபக்கத்தில் எழும்புவதால் இடம் வலமாக மாறிவிடும் என்பது. இதை யோசிக்காமல், விலை கூடக்கூட வாங்குவது குறைவதைக் காட்டும் தேவைக்கோட்டை வழக்கம்போல் இடமேலிருந்து வலக்கீழாக ஓட்டி, தாளைத் திருப்பி மாணவியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை தடவிப்பார்த்துவிட்டு, “மேடம், இதில் விலை கூடக்கூட வாங்குவதும் கூடுகிறதே, இது அளிப்புக் கோடு இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தேவைக்கோட்டின் பொருள் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் கண் தெரிந்தவர்களில் பலர் படத்தைப் பார்த்து வரைந்துவிடுவார்கள். அச்சுகளில் எது விலை, எது அளவு என்று கேட்டால் தயங்குவார்கள்.

அதன் பிறகு எளிய முறைக்கு மாறினேன். தெர்மாகோல் பலகையில் இரண்டு அளவுகோல்களை அச்சுகளாக ஒட்டி, குண்டூசிகளைக் குத்தி, ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினால் அதுவே கோடு. தாளில் எழும்பிய கோடு அப்படியே நிற்கும். பலகையிலோ ஊசிகளைப் பிடுங்கி வலப்புறம் குத்தினால் தேவை கூடிவிட்டது. புதிய சமநிலைப் புள்ளியைத் தன் விரலாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரே அளவு மனநிறைவு தரும் பொருள் சேர்க்கைகளைக் காட்டும் சமநோக்கு வளைகோட்டுக்குக் கம்பளி நூலைப் பசையால் ஒட்டினோம். அச்சுகள் சந்திக்கும் ஆதியை நோக்கிக் குவிந்திருப்பது என்றால் என்ன என்பதைக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளந்து பார்த்தார்.

பலகையோடு உங்கள் பேச்சும் மாற வேண்டும். ‘இது இப்படி இறங்கி, இங்கே அதை வெட்டுகிறது’ என்று கரும்பலகையைக் காட்டிச் சொல்வதை ஒரு வாரம் பதிவு செய்து கேளுங்கள். ‘இது’, ‘அது’, ‘இங்கே’ என்ற சொற்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன என்று தெரியும். ‘விலை பத்து ரூபாயிலிருந்து எட்டு ரூபாய்க்கு இறங்கும்போது தேவை இருபதிலிருந்து முப்பதாகிறது’ என்று சொல்லப் பழகுவதற்கு எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது.

2 ஜூன் 2025

இவ்வளவு சலுகை கொடுத்தால் பட்டத்தின் தரம் என்னாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேர்வில் கூடுதல் நேரம் தருவதைக் குறிப்பாகக் கேட்டிருக்கிறார்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். இந்த நேரம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். வினாவை ஒருவர் வாசிக்க வேண்டும். தெளிவில்லாவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும். விடையைச் சொல்ல வேண்டும், அவருக்காக எழுதுபவர் எழுதி முடிக்கும்வரை அடுத்த வாக்கியத்தை நினைவில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்த வேண்டும். கண் தெரிந்தவர் தாளின் மேலே ஒரு பார்வை ஓட்டி, எழுதியது போதுமா என்று முடிவு செய்வார். இவருக்கு அந்த ஒரு பார்வைக்கு மூன்று நிமிடம் ஆகும். மேற்பார்வையாளராக அருகில் அமர்ந்து நானே கணக்குப் பார்த்தபோது, அந்த ஒரு மணி நேரமும் எழுதியதைத் திரும்பக் கேட்பதிலேயே தீர்ந்துபோனது. யோசிப்பதற்கென்று அவருக்கு மற்றவர்களை விட ஒரு நிமிடம்கூட அதிகம் கிடைக்கவில்லை.

3 ஜூன் 2025

நேற்று எழுதியதைக் காலையில் வாசித்தபோது ஒன்று உறைத்தது. அந்த மாணவி ஆண்டு முழுவதும் இழக்கும் நேரத்தில் நாம் திருப்பித் தருவது இந்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான். நூலுக்குக் காத்திருந்த வாரங்கள், எழுதுபவரைத் தேடி அலைந்த நாட்கள், சான்றிதழின் நகலோடு அலுவலக வாசலில் நின்ற முற்பகல்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

5 ஜூலை 2025

வகுப்பு தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளே மாணவியை வகுப்பின் முன் நிறுத்தி அறிமுகம் செய்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் நானும் இதையே செய்திருக்கிறேன். ‘தன்னம்பிக்கையின் எடுத்துக்காட்டு’ என்று ஒரு மாணவரை அறிமுகம் செய்தேன். மூன்றாம் ஆண்டு முடிந்து விடைபெற வந்தபோது அவர் சொன்னார்: “அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், ஒரு பாடத்தில் தோற்கும் உரிமை எனக்கும் இருந்திருக்கும், மேடம்.” இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் புரியாமல் தவித்தபோது அதை யாரிடமும் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

அவருக்கு உண்மையில் பயன்படக்கூடிய அறிமுகம் வேறு. பேசத் தொடங்கும்போது பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள், விலகிப் போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள், பையைக் கடந்து செல்லும் வழியில் வைக்காதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவைக்கலாம். அதையும் மாணவியிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

19 ஜூலை 2025

பேச்சு சக்கர நாற்காலிக்கும் சாய்தளத்துக்கும் திரும்பியிருக்கிறது. முதல் நாள் ‘அதெல்லாம் பிறகு’ என்று நான் எழுதியது பார்வையற்ற மாணவியை மனத்தில் வைத்து எழுதியது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது பொருந்தாது என்று ஒருவர் கண்டித்திருப்பது நியாயமே, ஏற்கிறேன்.

சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தை மீறக்கூடாது. மூன்று படி உயரம், அதாவது 45 சென்டிமீட்டர் ஏற, 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்று படிகளின் மேலேயே இரண்டு மீட்டருக்குச் சிமெண்டைப் பூசி, கைப்பிடிகூட இல்லாமல் விட்டு, பக்கத்தில் சக்கர நாற்காலிப் படத்தையும் வரைந்துவைத்த கட்டடத்தில் நான் தேர்வுப் பணி செய்திருக்கிறேன். அதில் தனியாக ஏறினால் நாற்காலி பின்னோக்கிச் சாயும். இரண்டு பேர் தள்ளினால் ஏறலாம்; ஆனால் நாளுக்கு ஆறு முறை இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியவர், மூன்றாவது முறையோடு வெளியே போவதையே நிறுத்திவிடுவார்.

என் மாணவி ஒருவர் மூன்று ஆண்டுகள் கல்லூரி நேரத்தில் தண்ணீரே குடித்ததில்லை. காலை ஏழு மணிக்கு வீட்டில் குடிக்கும் தேநீரோடு சரி, பிறகு மாலை நான்கரைக்குத்தான். கழிவறைக்கு முன் ஒரு படி, கதவின் அகலம் போதாது, உள்ளே நாற்காலி திரும்ப இடமில்லை. அவர் இதை எங்களிடம் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிறுநீரகத் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அவருடைய அம்மா என்னிடம் சொன்னார். அந்த ஆண்டு முழுவதும் அவரை நான் தினமும் பார்த்தேன், பேசினேன், அவருடைய கட்டுரைகளைத் திருத்தினேன். தண்ணீர் குடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

20 ஜூலை 2025

அளவு கேட்டவருக்கு: கதவு 90 சென்டிமீட்டர் அகலம், உள்ளே ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு வெற்றிடம், சுவரில் பிடிமானக் கம்பி. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்; உள்ளே விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை நாற்காலியே அடைத்துக்கொள்ளும். பிறகு, அந்த அறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைக்காதீர்கள். துடைப்பமும் வாளியும் வைக்கும் இடமாகவும் அது மாறிவிடக்கூடாது.

11 ஆகஸ்ட் 2025

காது கேளாத மாணவர் வகுப்பில் இருக்கிறார், உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்கிறார், ஆகவே சிக்கல் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கண்ணாடியின் முன் நின்று குரலெழுப்பாமல் ‘பணம்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மணம்’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். தமிழ்த் துறையில் பாலைத் திணை நடத்தும்போது ‘பாலை’யும் ‘மாலை’யும் அப்படியே. நாக்கு உள்ளே மடங்குவதும் தொண்டையில் பிறப்பதும் உதட்டில் தெரிவதே இல்லை. என் மாணவர் மிகுதியையும் ஊகித்துத்தான் படித்தார், மதியத்துக்குள் களைத்துப்போவார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நான் பேசிய ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் அவருக்கு இல்லாமல் போனது. இதை அவர் எழுதிக் காட்டிய பிறகுதான் எழுதும்போது பேசுவதை நிறுத்தினேன்.

காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு மின்விசிறியின் இரைச்சலும் பக்கத்து வகுப்பின் சத்தமும் சேர்ந்தே பெரிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சைகை மொழி தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்கும் பாடக் குறிப்பு முன்கூட்டியே போக வேண்டும், ‘தேவை நெகிழ்ச்சி’க்கு என்ன சைகை என்று வகுப்பின் நடுவில் அவர் தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்திய சைகை மொழி அகராதியில் 2021-இல் சொற்கள் 10,000 ஆயின. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன, அவர்களிடம் பேசிக் கற்றுக்கொள்ளலாம். மற்ற கல்லூரிகளில் இவை அல்லாத பாடத்தை விரும்பும் காது கேளாத மாணவர் என்ன செய்வார் என்பதை யோசித்தால் மனம் கனக்கிறது.

6 செப்டம்பர் 2025

சட்டம் என்ன சொல்கிறது என்று மூவர் கேட்டுவிட்டீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும் வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் தருகிறது. தேர்வில் கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் சொல்கிறது. ஆனால் நூல்களையும் துணைக்கருவிகளையும் இலவசமாகத் தருவது பற்றிய பிரிவைப் பாருங்கள்: பதினெட்டு வயது வரை என்று முடிகிறது. பள்ளி முடிந்து கல்லூரிக்குள் நுழையும் வயது அது. இடம் உண்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நூலைத் தருவது யார் பொறுப்பு என்பதில்தான் என் முதல் மாணவி நான்கு மாதங்களை இழந்தார்.

குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறைந்தால் எதுவும் கிடையாது என்று தங்கள் கல்லூரி அலுவலகம் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள தேர்வர் ஒருவரின் வழக்கில், விகாஷ் குமார் என்பது அவர் பெயர், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு, எழுதுபவரின் உதவியை நாற்பது விழுக்காடு உள்ளவர்களோடு நிறுத்திவிடக்கூடாது என்றது. அதன் பிறகு 2022 ஆகஸ்டில் அத்தகையவர்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. தீர்ப்பை அச்செடுத்து அலுவலகத்தில் கொடுங்கள். மாணவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். ஆசிரியர் போனால் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு மாணவர் போனால் மூன்று நாள் ஆகிறது.

28 அக்டோபர் 2025

பருவத் தேர்வு நெருங்குகிறது, எழுதுபவர் கிடைத்துவிட்டாரா? மாணவரே அழைத்துவந்தால் எழுதுபவர் மாணவரை விட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்று 2018 நெறிகள் சொல்லின. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பாவது இருவரும் சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்லின. இரண்டு நாள் போதாது என்பது என் அனுபவம். இப்போதே இரண்டு பழைய வினாத்தாள்களை இருவரும் சேர்ந்து எழுதிப் பழகட்டும்.

காரணம் சொல்கிறேன். நம்மில் பலர் லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கிறோம். மாணவி ‘விளைவு’ என்று சொல்ல, எழுதிய பெண் ‘விலைவு’ என்று எழுதியிருந்தாள். ‘அளிப்பு’ முப்பது இடங்களில் ‘அழிப்பு’ ஆகியிருந்தது. திருத்தியவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். எழுதியது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு நாங்கள் பாடத்தில் வரும் கலைச்சொற்களை ஒரு பக்கத்தில் பெரிதாக எழுதி, பயிற்சியின்போதே எழுதுபவரைப் பலமுறை எழுதிப் பழகச் செய்கிறோம். வரைபடம் கேட்கும் வினாவுக்குப் பார்வையற்றவர்களுக்கு மாற்று வினா உண்டா என்றும் இப்போதே வினாத்தாள் அமைப்பவரிடம் கேட்டுவிடுங்கள். தேர்வறையில் கேட்டால் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள்.

மாணவி கணினியில் தானே தட்டச்சு செய்து எழுத விரும்பினால் அதற்கும் அந்த நெறிகளில் இடம் இருக்கிறது. என் மாணவர்களில் இருவர் அப்படி எழுதினார்கள். தன் விடையைத் தானே எழுதி, தானே திருத்தி முடித்த நாளில் அவர்களில் ஒருவர் தேர்வறையை விட்டு வெளியே வந்த நடையை என்னால் மறக்க முடியாது.

23 நவம்பர் 2025

உள்மதிப்பீட்டில் மாணவி வகுப்பில் நான்காவதாக வந்திருப்பதாகவும், தெர்மாகோல் பலகையை இப்போது விடுதியில் மற்றவர்களும் வாங்கிப் படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை வாசித்தேன்.

அடுத்த பருவத்தில் புள்ளியியல் வருகிறது. அட்டவணைகளில் இரண்டு மூன்று கட்டங்களை இணைத்துத் தலைப்பு போடாதீர்கள். திரைவாசிப்பான் எண்ணைச் சொல்லும்போது அது எந்தப் பத்தியின் எண் என்று சொல்ல முடியாமல் போகும். சூத்திரங்களைப் படமாக ஒட்டாமல் வேர்டில் உள்ள சமன்பாட்டுக் கருவியிலேயே அடியுங்கள். டிசம்பரில் வகுப்பு தொடங்குவதால் நூற்பட்டியலை இந்த வாரமே வாங்க வேண்டும். மூன்று தாள்களுக்குப் பட்டியல் வந்துவிட்டது, தமிழ்த்தாளுக்கு மட்டும் வரவில்லை என்றீர்கள். நூலின் பெயரை மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். எங்கள் மாணவர்கள் மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கும் நாற்பது கோப்புகளில் அது இருந்தால் இன்றிரவே அனுப்பிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளை ஸ்கேன் செய்யத் தொடங்குகிறோம்.